அத்தையிடம் கடைசி மூச்சைக் கேட்டவர்கள்

என் மாமியாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "பாத்து எழுதுங்க, அம்மா படிப்பாங்க" என்றாள். படிக்கட்டும். அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர் முகத்துக்கு நேரே நான் இதுவரை எதைச் சொல்லத் துணிந்திருக்கிறேன் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அத்தை நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவர். பெரிய பெண்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித்தரலாம் என்பது அவர் கட்சி. "நாப்பது வயசுப் பொம்பளையைத் தண்ணில முகம் வைக்கச் சொல்லிப் பாருங்க மாப்ளே, அப்பத் தெரியும் கஷ்டம்." முதல் சில நாட்களுக்குக் கையை வீசுவது, காலை அடிப்பது எதுவும் கிடையாது. தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஊத வேண்டும். குமிழி வர வேண்டும். நின்றுபோனால் மறுபடி ஊத வேண்டும். அதனால் குளத்தில் அவருக்குப் பெயர் குமிழி டீச்சர். பயப்படுகிறவர்கள் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், அது உள்ளேயே கிடந்து அவர்களைப் படுத்துகிறது, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டால் பயத்துக்கு உட்கார இடம் இருக்காது என்பார். ஆண்களுக்கும் இது பொருந்துமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் மறுநாளே என்னைத் தண்ணீரில் இறக்கிவிடுவார்.

எழுபதைத் தாண்டியவர். குள்ளம். குரல் மட்டும் ஆறடி. என்னை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. திட்டும்போதுகூட "உங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்குங்களா மாப்ளே?" என்றுதான் கேட்பார். அந்த 'ங்களா' இருக்கிறதே, அது அடியைவிட வலிக்கும்.

போன வருஷம் குளத்துக்குப் புது மேனேஜர் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை, எதையும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கெடுப்பார். பம்பு அறைப் படிக்கட்டில் ஏறி வந்த அத்தை ஒரு நிமிஷம் கைப்பிடியைப் பிடித்து நின்றதைப் பார்த்துவிட்டு, "மூச்சு வாங்குதேம்மா உங்களுக்கு" என்றார்.

"வாங்காம எப்படி தம்பி விடுறது? வாங்கினாத்தானே விட முடியும்?"

மேனேஜர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுவாரமே அவரை டிக்கெட் கவுன்டருக்கு மாற்றினார். கரையில் நிழலாக இருக்கும், நாற்காலி இருக்கும், மின்விசிறி இருக்கும் என்றார். அத்தை கவுன்டரில் போய் உட்கார்ந்தார். பெண்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கி உள்ளே போனதும், கடைசியாக ஒரு டிக்கெட்டைத் தனக்கே கிழித்துக்கொண்டு, பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, நீச்சல் உடையோடு தண்ணீரில் இறங்கினார். மேனேஜர் ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க இப்ப டீச்சர் இல்ல."

"நான் எங்கப்பா டீச்சர்? டிக்கெட் வாங்கிக் குளிக்க வந்தவ. என் பாட்டுக்கு ஊதிக்கிட்டிருக்கேன். இவங்க என்னைப் பாத்து ஊதினா நான் என்ன பண்றது?"

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. சம்பளப் பட்டியலில் அவர் கவுன்டர்காரி. தண்ணீரில் குமிழி டீச்சர். மேனேஜர் அந்த நேரத்தில் குளத்துப் பக்கம் வருவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் குளத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். வயது ஏற ஏற மனிதர் விடும் மூச்சில் என்னென்ன வாயுக்கள் மாறுகின்றன என்று ஒரு ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்களாம். எல்லா வயதினரும் வரலாம் என்று போட்டிருந்தது. அத்தை காகிதத்தைக் கிழித்தே கொண்டுவந்துவிட்டார்.

"மூச்சு வாங்குதுன்னு சொன்னான்ல அந்தப் பையன். மூச்சையே போய்ப் பாத்துட்டு வந்துடுவோம் மாப்ளே."

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வேலை எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வீட்டில் மட்டும் நான் எப்போதும் சும்மா இருக்கிறவன் என்று ஒரு முடிவு உண்டு. அதனால் வண்டி நான்தான் ஓட்டினேன். போவதற்கு முன் ஆயிரம் நிபந்தனை. முந்தின நாள் குளத்தில் இறங்கக் கூடாது, குளத்து மருந்தின் ஆவி மூச்சில் ஏறிக் கணக்கைக் கெடுத்துவிடும். பூண்டு, வெங்காயம் கூடாது. சென்ட் கூடாது. காலையில் வெறும் வயிறு, பச்சைத் தண்ணீர் மட்டும். பசியோடு இருக்கும் மாமியாரைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டியவர்களுக்கு மட்டும் அந்தப் பயணம் புரியும். ஒவ்வொரு சிக்னலுக்கும் என்னைத்தான் திட்டினார்.

ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடியில். சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் பழைய குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு இயந்திரம். அதிலிருந்து ஒரு குழாய் வந்தது. குழாய் முனையில் வாய் வைத்து ஊத ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி, கண்ணாடி போட்டவள், அன்பாகப் பேசினாள். நாம் விடுகிற மூச்சில் பெரும்பகுதி நாம் உள்ளே இழுத்த காற்றுதான், கரியமில வாயுவும் ஈரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்றாள். அதுபோக மீதி, மிகச் சொற்பமாக, நூற்றுக்கணக்கான வாயுக்கள் இருக்கின்றனவாம். உடம்பு கொழுப்பை எரித்தால் அசிட்டோன் வரும், நகப்பூச்சை அழிக்கிற திரவத்தில் வாடை அடிக்குமே, அது. ஐசோப்ரீன் என்று ஒன்று, குழந்தைகளிடம் குறைவு, பெரியவர்களிடம் அதிகம், உட்கார்ந்திருந்தவர் எழுந்து நடந்தாலே குபுக்கென்று ஏறும். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்குப் பேச்சு பிடித்திருந்தது.

பிறகு அந்தப் பெண் குழாயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சும்மா ஊதினா போதாதும்மா. எங்களுக்கு வேண்டியது உங்க கடைசி மூச்சுதான். அது வர்ற வரைக்கும் விடமாட்டோம்."

அத்தை குழாயை மேஜைமேல் வைத்தார்.

"மாப்ளே, வண்டியை எடுங்க."

"அம்மா, என்னாச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"ஏம்மா, மூஞ்சியப் பாத்தா நல்ல பொண்ணாத் தெரியுது. வயசானவளைக் கூப்பிட்டு, பட்டினி போட்டு, உக்கார வெச்சு, உன் கடைசி மூச்சைக் குடு, அது வர்ற வரைக்கும் விடமாட்டேங்கிறியே! நான் என்ன இங்க சாகவா வந்தேன்?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்து, காது சிவந்து, கடைசியில் கழுத்தும் சிவந்தது. தன் பாடத்தில் இருந்ததை அவளே தமிழாக்கி, வருகிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லியிருக்கிறாள். "ஐயோ, அதனாலதான் நேத்து வந்த பெரியவர் செருப்பைக்கூடப் போடாம எழுந்து போயிட்டாரா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அத்தை திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவள் மூச்சு விடாமல் விளக்கினாள். ஊதும்போது முதலில் வருவது வாயிலும் தொண்டையிலும் நின்ற காற்று. அது ரத்தத்தைத் தொட்டதே கிடையாது. ஒரு மூச்சின் கடைசிப் பகுதிதான் நுரையீரலின் அடியிலிருந்து வருவது, உடம்புக்குள் நடப்பதை அதுதான் சொல்லும்.

"அதாவது முதல்ல வர்றது, வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழட்டாமலே திரும்பிப் போற விருந்தாளி" என்றார் அத்தை.

"ஆமாம்மா, அதேதான்!"

"அப்படின்னா அடிமூச்சுன்னு சொல்லு. நானும் எங்க பொண்ணுங்ககிட்ட அதைத்தான் கேக்குறேன். மேல் மூச்சை விட்டா மூக்குல தண்ணிதான் ஏறும்." குழாயை எடுத்தார். ஊதினார். திரையில் ஒரு கோடு ஏறியது, ஏறி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. போதும் போதும் என்று அந்தப் பெண் கை காட்டிய பிறகும் கோடு இறங்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்தார் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து முடிவைத் தெரிந்துகொள்ள என்னையும் இழுத்துக்கொண்டு அவரே போனார். தனி ஆளுக்குச் சொல்வதில்லை என்று அந்தப் பெண் இழுத்தாள். பிறகு செருப்பு போடாமல் போன பெரியவரை நினைத்தாளோ என்னவோ, சொல்லிவிட்டாள். வயதானவர்களுக்குச் சராசரியாக மூச்சில் அம்மோனியா கொஞ்சம் கூடுகிறது. அத்தைக்கு அவர் வயதுக்காரர்களைவிடவும் கொஞ்சம் கூட.

"அம்மோனியான்னா? பராமரிக்காத கழிப்பறைல மூக்கைத் துளைக்குமே, அதுவா?"

"அதேதான்... ஆனா மூக்குக்குத் தெரியாதும்மா. ஒரு குளத்துத் தண்ணில ஒரு டம்ளர் கலந்த மாதிரி, அவ்ளோ கொஞ்சம். வாய்க்குள்ள இருக்கிற கிருமியிலிருந்தும் வரும். பயப்பட ஒண்ணுமில்ல."

எனக்கு வருத்தமாக இருந்தது. இளமையான மூச்சு என்று எழுதிக் கொடுப்பார்கள், அதை மேனேஜர் மூக்குக்கு முன்னால் ஆட்டலாம் என்றுதானே வந்தோம். இறங்கும்போது லிஃப்ட்டில், "வெளியில யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம் அத்தை" என்றேன்.

"ஏன், திருடிட்டா வந்திருக்கேன்?"

மறுநாள் காலை குளத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்: "எனக்கு அம்மோனியா ஜாஸ்தியாம். மூச்சுல வயசு தெரியுதாம். தெரியட்டும், வயசாயிருக்குல்ல, தெரியாம வேற என்ன பண்ணும்? வாடை வந்தா தள்ளி நின்னு ஊதுங்கடி." அவரிடம் நீச்சல் கற்கும் தையல்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேனேஜரிடமும் அத்தையே போய்ச் சொல்லியிருக்கிறார். "நான் சொன்னது சரியாப்போச்சு பாத்தீங்களா?" என்றாராம் மேனேஜர். "வயசாயிருக்குன்னுதான் தம்பி சொல்லுது. முடியாதுன்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு போய்விட்டாராம்.

ஆனால் முடிவைச் சொன்ன அன்றைக்கு அந்த ஆராய்ச்சிப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் மூச்சில் இருக்கும் வித்தியாசம், வயது செய்கிற வித்தியாசத்தைவிடப் பெரியது. முப்பது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது வயது செய்தது, எது அந்த ஆளின் வாகு என்று பிரிக்க முடியவில்லை. அதனால் ஒரே ஆளை வருஷா வருஷம் அழைத்துப் பார்க்கப்போகிறார்கள். பத்து வருஷத்துக்கு.

"அப்ப அடுத்த வருஷம் வர்றேன்" என்றார் அத்தை.

அவள் சிரித்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை அதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல் இருந்தார்.

மாதங்கள் போயின. ஒருநாள் தையல்காரம்மாவுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது, இரண்டாம் முறை ஊத வரச்சொல்லி. அத்தை சொல்லி அவரும் முன்பு ஒருமுறை போய் ஊதிவிட்டு வந்திருந்தார்; அவருக்கு நாற்பது சொச்சம். அத்தைக்கு வரவில்லை. ஒரு வாரம் போனைச் சமையலறைக்கும் பால்கனிக்கும் கையிலேயே எடுத்துக்கொண்டு திரிந்தார். என் மனைவி பொறுக்கமாட்டாமல், "உனக்கு எதுக்கும்மா அந்த ஆராய்ச்சி? பேசாம ஓய்வா இரேன்" என்றாள். குளத்துக்குக் கிளம்புமுன் பால்கனியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ளே, கவனிச்சிருக்கீங்களா? எல்லாரும் என்கிட்ட இறந்த காலத்துலயே பேசுறாங்க. நல்லா நீந்துனீங்க. நல்லா சொல்லிக்கொடுத்தீங்க. எவ்வளவு தைரியமா இருந்தீங்க. ஒருத்தருக்காவது அடுத்த வருஷம் நான் என்ன பண்ணப்போறேன்னு கேக்கத் தோணல. அந்தப் பொண்ணு ஒருத்திதான் பத்து வருஷம்னு வாயைத் திறந்தா. அதுலயும் நான் இல்லையாம்."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் இவ்வளவு வருஷத்தில் அவரை வேடிக்கையாகவே பார்த்துப் பழகிவிட்டேன். அவருக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் போகலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "நாளைக்குக் காலைல போவோம் அத்தை" என்றேன். மதியம் போகலாமே என்று நானே மாற்றிச் சொன்னபோது, "இல்ல, காலைலதான்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சிப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கண்ணைச் சந்திக்காமல், ஆய்வை நடத்தும் பேராசிரியரின் அறையைக் காட்டினாள். பேராசிரியர் நரைத்த தாடி வைத்த, நிதானமான மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, தொடர் ஆய்வுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்.

"எல்லா வயசும்னு போட்டிருந்தீங்களே?"

"அது ஒருதடவை பாக்கிறதுக்கும்மா. இது பத்து வருஷம். இடையில நின்னுட்டாங்கன்னா கணக்குல ஓட்டை விழுந்துடும்."

"நின்னுட்டாங்கன்னா? செத்துட்டாங்கன்னு சொல்லுங்க சார், ஏன் மென்னு முழுங்குறீங்க?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை விடவில்லை.

"உங்களுக்கு ஓய்வு எப்போ?"

"இன்னும் மூணு வருஷம் இருக்கு."

"பத்து வருஷ வேலைல மூணாவது வருஷம் எழுந்து போகப்போறவர் நீங்க. என்னைப் போய் இடையில நின்னுடுவேன்னு சொல்றீங்க!"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் லேசுப்பட்ட ஆளில்லை. "நான் போனா என் இடத்துக்கு இன்னொருத்தர் வருவார்மா. உங்க இடத்துல இன்னொருத்தரை வெச்சு ஊதச் சொல்ல முடியாதே" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. போகலாம் என்று சொல்ல நான் எழுந்தேன். அத்தை எழவில்லை. கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தவர், தலையைத் தூக்கியபோது சத்தமே போடாமல் பேசினார்.

"சரி. ஒரு வருஷம் நான் வரலைன்னு வெச்சுக்குங்க. அந்த இடத்தை ஏன் சார் ஓட்டைன்னு சொல்றீங்க? இவ செத்துட்டான்னு எழுதுங்க. வயசு என்ன பண்ணுதுன்னுதானே பாக்குறீங்க? அதுவும் வயசு பண்றதுதானே? அதுக்கு முந்தின வருஷம் என் மூச்சுல என்ன இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் என்ன இருந்துச்சுன்னு உங்க கையில இருக்கும். சாகாதவங்களாப் பொறுக்கி எடுத்துப் பாத்தா அது உங்களுக்கு எங்க கிடைக்கும்? வயசானா என்ன ஆகுதுன்னு பாக்க உக்காந்துட்டு, வயசானவங்க வேணாம்னா எப்படி? நான் சாகுறதுக்கு எனக்கே பயமில்ல. உங்களுக்கு ஏன் பயம்?"

வாசலில் நின்றிருந்த ஆராய்ச்சிப் பெண் மூக்கை உறிஞ்சினாள். பேராசிரியர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் தனியா முடிவெடுக்க முடியாதும்மா" என்றார் கடைசியில். "குழுவுல கேக்கணும். விதியை மாத்தணும்."

"கேளுங்க. மெதுவாவே கேளுங்க. அதுவரைக்கும் இந்த வருஷத்து மூச்சைப் பிடிச்சு வைங்க. அவங்க சரின்னு சொல்ற அன்னைக்கு இந்த வருஷம் போயிருக்கும், திரும்ப வராது."

"அதுக்கு வெறும் வயித்துல வரணுமேம்மா. முந்தின நாள் குளத்துல..."

"நேத்து நான் தண்ணில இறங்கல. ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்பிடல. சென்ட் போடல. இவரைக் கேளுங்க, வழியெல்லாம் பசியில இவரைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன்."

வாஸ்தவம். காலையிலிருந்து வாங்கிய திட்டுக்கு எனக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. அவர் அனுமதி கேட்க வரவில்லை. ஊதத்தான் வந்திருந்தார்.

பேராசிரியர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அவர் தலையாட்டும்வரைகூடக் காத்திருக்கவில்லை, ஓடிப்போய்ப் புதுக் குழாய் முனையைப் பிரித்துவிட்டாள். நாங்கள் பின்னாலேயே இயந்திர அறைக்குப் போனபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டே குழாயைப் பிடித்திருந்தாள். "அழுதுக்கிட்டே பிடிக்காதே, கோடு கோணலாப் போகும்" என்று அதட்டிவிட்டு அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இழுத்தார். ஊதினார். திரையில் கோடு ஏறி நின்றது. பேராசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். போன வருஷத்து அளவு கோடு போனதா, அதற்கு முன்பே இறங்கியதா, எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு நடுங்க, உள்ளே ஒன்றும் மிச்சம் வைக்காமல் ஊதிக்கொண்டிருந்த அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்துவிட்டு, பேராசிரியரைக் கேட்டார்:

"அடுத்த வருஷம் எந்த மாசம் வரணும்?"

அவர் மாதத்தைச் சொன்னார்.